கரம்பொன் நவரத்தினமும் கிழிந்த ஒப்பந்தங்களும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் ஒரு பெட்டகம் இருக்கும். அதனுள்ளே நகை இருக்குமோ இல்லையோ, காணி உறுதி இருக்கும். நிலத்தின் உரிமையை எழுதிவைத்த பத்திரத்துக்கு நம் மக்கள் 'உறுதி' என்று பெயரிட்டது பொருளற்ற செயலன்று. வாய்ச்சொல் மாறும், எழுத்து மாறாது என்ற நம்பிக்கை அப்பெயரிலே உறைந்து கிடக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையை எழுத்தில் தொகுத்தனர். அதன் பின்னர் வந்த நூற்றாண்டுகளில், தலைமுறைதோறும் துண்டாடப்பட்ட காணிகளும், வேலி வழக்குகளும், கிணற்றுப் பங்கு வழக்குகளும் பிறக்கிராசிமாரையும் அப்புக்காத்துமாரையும் நம் சமுதாயத்தின் முன்வரிசையில் கொண்டுவந்து நிறுத்தின.

உறுதியின் மீதுள்ள அந்த நம்பிக்கையை அரசியலுக்குள் கொண்டுசென்று, அங்கே அது ஒருமுறையன்று, இருமுறை குலைந்ததைக் கண்ட ஒரு வழக்கறிஞரின் பொதுவாழ்வை இங்கே ஆராய முற்படுகிறோம். அவர் வி. நவரத்தினம். கரம்பொன் அவர் ஊர். அவருடைய முடிவுகள் யாவற்றையும் நாம் ஏற்கவில்லை. எனினும் அவர் கண்ட உண்மைகளை இடதுசாரிகளாகிய நாம் எதிர்கொள்ளாமல் விலகிச் செல்வது நேர்மையாகாது.

* * *

வேலணைத்தீவின் வடபகுதியில், ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அண்மையில் அமைந்தது கரம்பொன். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த மண் அது. தமிழை உலகப் பல்கலைக்கழகங்களின் வாயில்களுக்கு எடுத்துச் சென்ற ஒருவரும், தமிழரின் உரிமையைச் சட்டப் பிரமாணங்களாக எழுத முயன்ற ஒருவரும் ஒரே சிற்றூரிலிருந்து புறப்பட்டனர்.

தீவகத்தின் மண் எல்லோருக்கும் சோறிடும் மண்ணன்று. நன்னீர் அரிது, பனையும் கடலும் புகையிலையுமே துணை. ஆதலால் தீவக மக்கள் பிழைப்புக்காகத் தென்னிலங்கைக்குச் சென்றனர். கொழும்பிலும் சிங்களக் கிராமங்களிலும் சிறு கடைகள் வைத்தனர். சிங்களம் பேசினர், சிங்கள அயலவருக்குக் கடன் கொடுத்தனர், அவர்களிடம் கடன் வாங்கினர். 'சிங்களவரோடு வாழ்வது எப்படி?' என்பது தீவகத்தாருக்கு ஏட்டுக் கேள்வியன்று. அவர்களுடைய அடுப்பு எரிவதும் அணைவதும் அதன் விடையைப் பொறுத்திருந்தன. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்த கப்பல்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

* * *

வழக்கறிஞர்கள் ஏன் சட்டசபைகளை நிறைத்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலாளித்துவ ஜனநாயகம் எங்கெல்லாம் தலைதூக்கியதோ அங்கெல்லாம் இக்காட்சியைக் காண்கிறோம். அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் ஒரு வழக்கறிஞர். பென்சில்வேனியாவின் பிரதிநிதியான தாடியஸ் ஸ்டீவன்சும் வழக்கறிஞரே. தப்பியோடிவந்த அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய ஸ்டீவன்ஸ், உள்நாட்டுப் போரின் பின்னர், பிறப்பினால் வரும் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் அரசியலமைப்பில் எழுதுவதற்கு முன்னின்று போராடினார். 1868இல் அந்தப் பதினான்காம் திருத்தம் நிறைவேறியது. அவரும் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

ஆனால் ஸ்டீவன்ஸ் வெறும் எழுத்தை நம்பியவரல்லர். பண்ணையாரின் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் 40 ஏக்கர் வழங்கவேண்டும் என்று அவர் கேட்டார். அக்கோரிக்கை தோற்றது. 1877இல் வடக்கின் படைகள் தெற்கிலிருந்து விலக்கப்பட்டதும், நிலமற்ற கறுப்பு மக்களின் கையில் இருந்த உரிமை வெறுங் காகிதமாயிற்று. அதற்கு மீண்டும் உயிர் கொடுக்க 1950களிலும் 1960களிலும் இலட்சக்கணக்கானோர் வீதியில் இறங்க வேண்டியிருந்தது. எழுதிய உரிமைக்குப் பின்னால் மக்களின் பலம் இல்லையேல் அது நிலைக்காது என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

இலங்கையிலோ வழக்கறிஞர்கள் மக்களின் வாக்கினால் சபைக்குச் சென்றவர்களல்லர். பொன்னம்பலம் இராமநாதன் 1879இல் சட்டநிரூபண சபைக்கு நியமனம் பெற்றார். 1911இல் 'படித்த இலங்கையர்' தொகுதிக்குத் தேர்தல் நடந்தபோது வாக்காளர் தொகை மூவாயிரத்தை எட்டவில்லை. டொனமூர் ஆணைக்குழு சர்வஜன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அதை எதிர்த்தவர்களுள் இராமநாதனும் ஒருவர். கூலியாளும் தாழ்த்தப்பட்டவனும் பெண்ணும் வாக்களிப்பதை மேட்டுக்குடி வழக்கறிஞர் விரும்பவில்லை. நவரத்தினத்தின் தலைமுறை அத்தகையதன்று. 1931இல் வாக்குரிமை எல்லோருக்கும் கிடைத்த பின்னர் அரசியலுக்கு வந்த தலைமுறை அது. பொதுமக்களின் வாக்கைக் கேட்டு நிற்கவேண்டிய வழக்கறிஞர்கள் அவர்கள்.

* * *

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; அடுத்த ஆண்டில் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. தேயிலைக்கும் றப்பருக்கும் தம் உதிரத்தை உரமாக்கிய தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கும் வலுவூட்டியது என்பதை டி. எஸ். சேனநாயக்கா நன்கு அறிந்திருந்தார். ஆகவே அச்சட்டத்தை இனவாதத்தின் செயல் என்று மட்டும் கூறுவது பாதி உண்மையே. அது வர்க்கத்தின் செயலுமாகும்.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றுவதைத் தடைசெய்திருந்தது. அந்தப் பிரிவைக் காட்டித் தொழிலாளர் தரப்பு வழக்காடியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் அவ்வழக்கைத் தள்ளியது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. எனவே பாதகமும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்! பெயர் சொல்லாமல் வெட்டினால் வெட்டு ஆகாதாம்.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் முதலியோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். அதன் ஆரம்பகர்த்தாக்களுள் நவரத்தினமும் ஒருவர். அவர் மேடையில் முழங்கிப் பேர் பெற்றவர் அல்லர். வரைவது, திருத்துவது, வாசகங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது என்பனவே அவர் பணி. கட்சியின் மூளை என்று அவரைப் பலர் அழைத்தனர். மலைநாட்டுத் தொழிலாளரின் பிரஜாவுரிமைப் பிரச்சினையில் முளைத்த கட்சி அது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கு இது திறவுகோல்.

* * *

1956இல் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர் தாக்கினர். அவ்வாண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் 10. ஊர்காவற்றுறைத் தொகுதியும் வி. ஏ. கந்தையாவின் மூலம் அதன் வசமாயிற்று. திருகோணமலை மாநாடு அரசாங்கத்துக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தது. தவணை முடிவதற்குள், 1957 ஜூலை 26ஆம் நாள், பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை பிறந்தது. அப்பேச்சுவார்த்தைகளில் பங்குகொண்ட தமிழரசுக் கட்சிக் குழுவில் நவரத்தினமும் இருந்தார்.

அந்த உடன்படிக்கை என்ன கூறியது? வடமாகாணத்துக்கு ஒரு பிரதேச சபை. கிழக்கு மாகாணத்துக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை. மாகாண எல்லையைக் கடந்தும் சபைகள் இணையலாம். விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கடற்றொழில், வீதிகள் முதலியன அவற்றின் பொறுப்பில் வரும். உத்தியோக மொழிச் சட்டத்துக்கு ஊறின்றி, வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியாகும். சமஷ்டி கேட்டவர்கள் சமஷ்டியைப் பெறவில்லை. சம அந்தஸ்துக் கேட்டவர்கள் அதையும் பெறவில்லை. ஆயினும் இரு இனங்களும் கௌரவத்தோடு வாழ்வதற்கான ஓர் ஆரம்பம் அது. வழக்கை இணக்கமாகத் தீர்த்துக்கொள்ளும் வழக்கறிஞரின் பண்பு அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. மலைநாட்டார் பிரச்சினை மட்டும் விரைவில் கவனிக்கப்படும் என்ற அளவில் நின்றுவிட்டது.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குமார் பிரதமரின் இல்லத்து முன்றலில் அமர்ந்தனர். உடன்படிக்கையைக் கைவிடுவதாக வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரவேண்டும் என்றனர். பிரதமர் எழுதியும் கொடுத்தார். எழுத்தினால் ஆனது எழுத்தினாலேயே அழிந்தது! அடுத்த மாதம் கலவரம் மூண்டது.

இவ்விடத்தில் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டியவர்களாகிறோம். 1957 ஜூலைக்கும் 1958 ஏப்ரலுக்கும் இடையில் அந்த உடன்படிக்கையைக் காப்பதற்காகச் சிங்கள உழைப்பாளி மக்களிடையே யார் சென்றார்கள்? அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள், ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசாங்கத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஹர்த்தால் நடத்தினர். தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. துறைமுகத்தில் நின்ற ஆங்கிலக் கப்பலில் அமைச்சரவை ஒதுங்கிக் கூடியது. டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஹர்த்தாலின் கையில் உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை, மக்கள் இருந்தனர். 1957ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ வாசகங்கள் இருந்தன. அவற்றைக் காக்கும் மக்கள் இல்லை. இரண்டும் ஒன்றுசேர்ந்திருந்தால் இந்நாட்டின் வரலாறு வேறுவிதமாக அமைந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

* * *

வி. ஏ. கந்தையா மறைந்ததைத் தொடர்ந்து 1963இல் நடந்த இடைத்தேர்தலில் நவரத்தினம் ஊர்காவற்றுறையின் பிரதிநிதியானார். 1965இலும் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர்.

அந்த இரு தேர்தல்களுக்கும் இடையில் இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் நடந்தன. 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். மனிதரை மூடை மூடையாகப் பங்கிட்ட அந்தக் கணக்கைப் போட்டவர்கள், கொழுந்து பறித்த கைகளிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் உருவாயிற்று. 14 ஆசனங்களைப் பெற்ற தமிழரசுக் கட்சி 'தேசிய அரசாங்கத்தில்' பங்கேற்றது. 1966 ஜனவரி 8ஆம் நாள் தமிழ்மொழி விசேட விதிகளின் கீழ் ஒழுங்குகள் பாராளுமன்றத்துக்கு வந்தன. அவற்றை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் பிக்கு உயிரிழந்தார். அந்த எதிர்ப்பில் யார் நின்றார்கள்? பத்தாண்டுகளுக்கு முன் 'சிங்களம் மட்டும்' சட்டத்தைத் துணிந்து எதிர்த்த சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் நின்றார்கள். இதைக் கூறும்போது நம் எழுதுகோல் தயங்குகிறது. எனினும் கூறத்தான் வேண்டும். இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாகும், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவும் ஒரு வழக்கறிஞர்தான். அவரே அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சிங்களத்தை அரச மொழியாகவும் பௌத்தத்துக்கு முதலிடமுடையதாகவும் எழுதிற்று. 29ஆம் பிரிவு அதனுடன் மறைந்தது. கரம்பொன் வழக்கறிஞர் தம் கட்சியை விட்டு விலகிச் சென்றார். கொழும்பு வழக்கறிஞரோ தம் கொள்கையை விட்டு விலகிச் சென்றார்.

டட்லியின் மாவட்ட சபைத் திட்டமும் 1968இல் கைவிடப்பட்டது. இரண்டாவது உறுதியும் பயனற்றுப் போயிற்று. அதே ஆண்டில் ஆட்பதிவுச் சட்டமூலம் வந்தது. அடையாள அட்டை என்பது வெளித்தோற்றத்தில் சாதாரண நிர்வாக ஏற்பாடு. ஆனால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் கழுத்துக்கு அது சுருக்காகும் என்று நவரத்தினம் எதிர்த்தார். கட்சி அரசாங்கத்தோடு நின்றது; அவர் கட்சியோடு நிற்கவில்லை. மலைநாட்டாரின் உரிமையைக் காரணமாகக் கொண்டு பிறந்த கட்சியை விட்டு, அதே உரிமையின் பெயரால் அதன் ஆரம்பகர்த்தாவுள் ஒருவர் வெளியேற நேர்ந்தது. ஒரு சட்டத்தின் வாசகத்துக்குள் ஒளிந்திருக்கும் கத்தியைக் காணும் கண் வழக்கறிஞருக்கு உண்டு. யுத்த காலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறைக்கு அந்தக் கத்தியை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

* * *

1969இல் அவர் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். சமஷ்டியின் காலம் முடிந்தது, தமிழர் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. 1970 தேர்தலில் தமிழரசுக் கட்சி, பிரிவினை பேசுவோரை ஆதரிக்காதீர்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டது. ஊர்காவற்றுறை மக்கள் தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினத்தைத் தெரிவுசெய்தனர். நவரத்தினம் தோற்றார். ஆறு ஆண்டுகள் சென்றன. 1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டையில், அவரைத் தோற்கடித்தவர்களே தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றினர். இடையில் நிகழ்ந்தவை 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும், பல்கலைக்கழகத் தரப்படுத்தலும், தனிநாயகம் அடிகள் வளர்த்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் யாழ்ப்பாண அமர்வில் 1974 ஜனவரி 10ஆம் நாள் வீழ்ந்த உயிர்களும் ஆகும்.

லியோன் யூரிஸ் எழுதிய 'எக்ஸோடஸ்' நாவலை நவரத்தினம் தமிழில் தந்தார். நாடற்ற ஓர் இனம் நாடு பெற்ற கதை அவரை ஈர்த்ததில் வியப்பில்லை. ஆனால் அக்கதையில் குரலற்றுப் போனவர்கள் பலஸ்தீன மக்கள். ஓர் இனத்தின் வீடு இன்னோர் இனத்தின் வீட்டை இடித்துக் கட்டப்படுமாயின், அதனை விடுதலை என்று நாம் ஏற்பது எவ்வாறு? மலைநாட்டுத் தொழிலாளரின் நாடின்மைக்காகக் கட்சியையே துறந்த ஒருவர் இக்கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. சுயாட்சி என்பதில் 'சுயம்' யார்? நவரத்தினம் கட்சியைத் துறந்த அதே 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமைக்காக நின்றனர். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே எழுதப்பட்டுவிட்டது. பதினொரு ஆண்டுகள் சென்றும் அந்த எழுத்து கோயில் கதவைத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டுப் பொலிசாரின் குண்டாந்தடிகளை எதிர்கொண்ட மக்களே அக்கதவை அசைத்தனர். சிங்களப் பேரினவாதம் தமிழருக்கு எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றாததைப் போலவே, தமிழ் மேற்சாதியினர் தம் சகோதரருக்குச் சட்டம் எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றவில்லை. தேநீர்க் கடையில் சம ஆசனமும் கோயிலில் சம இடமும் இல்லாதவனுக்குச் சுயாட்சி யாருடைய ஆட்சியாகத் தோன்றும்?

* * *

நவரத்தினம் பிற்காலத்தில் கனடாவுக்குச் சென்றார். தமிழ்த் தேசத்தின் வீழ்ச்சியையும் எழுச்சியையும் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அவர் தீவகமும் யுத்தத்துக்குத் தப்பவில்லை. 1990 ஆகஸ்டில் படைகள் ஊர்காவற்றுறையில் இறங்கின, ஊர்கள் வெறிச்சோடின. பெட்டகத்து உறுதிகளைக் கையிலெடுத்துச் சென்றவர்களும் உண்டு. அதற்கும் அவகாசமின்றி ஓடியவர்களும் உண்டு. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடக்கு கிழக்கு மாகாணங்களின் இணைப்பைச் செல்லாததாக்கியது. இன்னோர் ஒப்பந்தத்தின் பயனும் இவ்வாறு கரைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நவரத்தினம் கனடாவில் காலமானார். 1948இல் பறிக்கப்பட்ட மலைநாட்டாரின் பிரஜாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எஞ்சியோருக்கும் கிடைத்ததை அவர் உயிரோடிருந்து காண முடிந்தது. அதற்கு 55 ஆண்டுகள் சென்றன. அதுவும் எழுத்தின் கருணையால் வந்ததன்று; தோட்டத் தொழிலாளர் ஒன்றுதிரண்டு தம் பலத்தைக் காட்டியதால் வந்தது.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் என்ன? ஒப்பந்தங்கள் வீண் என்பதா? அன்று. உரிமைகள் எழுதப்படத்தான் வேண்டும். எழுதப்படாத உரிமையைக் கோருவது இன்னும் கடினம். ஆனால் காணி உறுதிக்குப் பின்னால் நீதிமன்றமும் அதிகாரமும் நிற்பதைப் போல, அரசியல் உறுதிக்குப் பின்னால் மக்களின் அணி நிற்கவேண்டும். அந்த அணி தமிழரால் மட்டும் ஆனதாக இருந்தால் போதாது என்பதை 1957 காட்டியது. அதில் சேரவேண்டிய இடதுசாரிகள் விலகி நின்றால் என்ன நேரும் என்பதை 1966 காட்டியது. தமிழருக்குள்ளேயே ஒரு பகுதியினரை வாசலில் நிறுத்திவிட்டு அணி அமைக்க முடியாது என்பதை மாவிட்டபுரம் காட்டியது.

நவரத்தினம் தவறான முடிவுக்கு வந்தார் என்று கூறுவது எளிது. அந்த முடிவுக்கு அவரைத் தள்ளிய வெற்றிடத்தை உண்டாக்கியவர்களுள் நாமும் ஒரு பகுதியினர் என்று ஒப்புக்கொள்வதே கடினம். வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களும், அதைக் கற்கும் மாணவ நண்பர்களும் அக்கடினமான இடத்திலிருந்தே தொடங்கட்டும்.